முப்பது வயது வீட்டின் சமையலறையையும் ஹாலையும் புதுப்பிப்பது எப்படி?

1980, 90களில் தமிழ்நாட்டில் கட்டிய தனி வீடுகளுக்கு ஏறக்குறைய ஒரே ஜாடை. 9 அங்குலச் செங்கல் சுவர்தான் தளத்தை (தலைக்கு மேலுள்ள கான்கிரீட்டை) தாங்கும். ஹாலில் மொசைக் தரை. சமையலறை 8க்கு 10 அடி, கடப்பா கல் மேடை, இரண்டு பக்கமும் 7 அடி உயரத்தில் பரண். ஒரு டியூப் லைட்டும் மிக்ஸிக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்டும் இருக்கும். சுவருக்குள் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். அன்றைய சமையலுக்கு இது போதும். இன்று அதே அறையில் ஃபிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஓவன், வாட்டர் பியூரிஃபையர், சிம்னி என்று ஏழு பொருட்களுக்கு இடமும் கரண்டும் வேண்டும்.

புதுப்பிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் போவது மாடுலர் கிச்சன் ஷோரூமுக்கு. அது தலைகீழ் வரிசை. ஷட்டரின் நிறத்தைக் கடைசியில் முடிவு செய்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. தளம், ஓதம் (சுவர் ஈரம்), பைப், வயர் ஆகிய நான்கையும் சரிசெய்யாமல் மேலே எவ்வளவு செலவழித்தாலும், மூன்றாவது மழைக்காலத்தில் புது டைலை உடைக்க ஆள் தேட வேண்டிவரும். கையில் உள்ள பணத்தில் முதல் பங்கு சுவருக்குள்ளும் தளத்துக்கும் போகட்டும். மதிப்பீட்டுக்கு மேல் 15 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய வீட்டில் உடைத்த பிறகுதான் தெரியவரும் வேலைகள் நிச்சயம் உண்டு.

உடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

மேலிருந்து தொடங்குங்கள். நீளமான கம்பாலோ சின்னச் சுத்தியலின் கைப்பிடியாலோ தளத்தின் அடிப்பக்கத்தை ஓர் அடிக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. பொக்கென்று கேட்கும் இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து, துரு உப்பிக் காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விரிசல் தெரிந்தாலும் இதேதான். சமையலறை, குளியலறை தளங்களில் இது அதிகம்.

இதை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பதுதான் பழைய வீட்டில் செய்யக் கூடாத முதல் தப்பு. மறைத்தால் துரு நிற்காது. பெயரும் காரை ஜிப்சம் போர்டின் மேல் விழும். பொக்கான இடம் முழுவதையும் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை வெளியே தெரியும்படி செய்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு மாற்றியும் துத்தநாக பிரைமரும் அடித்து, பிறகு பாலிமர் கலந்த சாந்து பூச வேண்டும். சாதா சிமெண்ட் பூச்சு ஒட்டாது. இரண்டு வருடத்தில் பட்டையாக விழும். கம்பி கால்வாசிக்கு மேல் இளைத்திருந்தால் மேஸ்திரியின் பொறுப்பில் விடாமல் கட்டடப் பொறியாளரை வரவழைத்துப் புதுக் கம்பி சேர்க்கச் சொல்லுங்கள். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கும் இடத்தைச் சரிசெய்யாமல் கீழே மட்டும் பூசுவதும் வீண்.

அடுத்தது ஓதம். தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி வரை பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது. சந்தேகமாக இருந்தால் 2 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் என்றால் அது அறைக்காற்றின் ஈரம். ஏறும் ஓதத்துக்கு மேலே பட்டி வைப்பது மருந்தல்ல. ஈரக்கோட்டுக்கு ஓர் அடி மேல் வரை பழைய பூச்சை முழுவதும் எடுத்து, செங்கல் இணைப்புகளைச் சுரண்டி, சுவரை இரண்டு, மூன்று வாரம் காயவிட வேண்டும். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ஓதத் தடுப்பு மருந்தை ஏற்றி, வாட்டர்புரூஃப் மருந்து சேர்த்த 1:4 சிமெண்ட், மணல் கலவையில் பூச வேண்டும். வெளிப்பக்க மண் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் அதை வெட்டி இறக்காமல் மேற்சொன்ன எதுவும் நிலைக்காது. ரோடு போட்டுப் போட்டு உயர்ந்த தெருக்களில் இந்தக் கோளாறு சாதாரணம்.

கரையான் மண்கோடு ஒன்றாவது கண்ணில் பட்டால் இதே கட்டத்தில் சுவரோரத் தரையில் ஓர் அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து செலுத்திவிடுங்கள். டைல் போட்ட பிறகு துளைபோட மனசு வராது.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவர்

‘இந்தச் சுவரை எடுத்துட்டா ஓபன் கிச்சன் ஆயிடும்’ என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். பூச்சோடு சேர்த்துச் சுவர் 9, 10 அங்குலம் இருந்தால், அது தளத்தைத் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் அதே கோட்டில் சுவர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நாலரை அங்குலச் சுவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. சில வீடுகளில் அதுவும் பரணையோ மாடிப்படியையோ தாங்கிக்கொண்டிருக்கும்.

முழுச் சுவரையும் எடுப்பது நம் சமையலுக்கு ஒத்துவராது என்பதே எங்கள் கருத்து. மிளகாய் வறுத்தால் ஹால் முழுக்க இருமல். மிக்ஸி ஓடினால் டிவி கேட்காது. சோபா துணியில் தாளிப்பு எண்ணெய் படியும். மேடை உயரத்துக்கு மேல் 4 அடி அகலம், மூன்றரை அடி உயரத்தில் ஒரு திறப்பு விட்டால் வெளிச்சமும் காற்றும் பேச்சும் போகவர வழி கிடைக்கும், சுவரும் நிற்கும். தேவைப்படும்போது மூட ஒரு தள்ளு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம்.

திறப்பு விடும் முறை இது. இரண்டு பக்கமும் தளத்துக்குப் பலகை வைத்து ஜாக்கி முட்டுக் கொடுங்கள். முதலில் திறப்பை உடைக்காமல், லின்டல் (திறப்புக்கு மேலே சுமை தாங்கும் கான்கிரீட் கட்டை) வரப்போகும் பட்டையை மட்டும் வெட்டி எடுங்கள். 4 அடித் திறப்புக்கு இரு பக்கமும் 9 அங்குலம் உட்கார வேண்டும், ஆக லின்டல் ஐந்தரை அடி. லின்டலை உள்ளே வைத்து, அதற்கும் மேலே உள்ள செங்கலுக்கும் நடுவில் சுருங்காத கிரவுட்டை (இடைவெளி அடைக்கும் சாந்தை) இடைவெளியே இல்லாமல் அடைத்து, ஏழு நாள் விட்ட பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே உடைத்தால் மேல்சுவர் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இறங்கும். அந்த ஒரு நூல் மாடித் தரையில் விரிசலாகத் தெரியும். மேலே மாடி இருந்தால் லின்டலின் கனத்தையும் கம்பியையும் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பில்லர், பீம், பொதுச் சுவர் எதையும் தொடக் கூடாது. சங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும்.

சமையலறையின் அளவுகள்

உடைப்பதற்கு முன்பே ஒரு முழு வரைபடம் கையில் இருக்க வேண்டும். எந்தப் பொருள் எங்கே என்று முடிவாகாமல் பைப்பும் வயரும் ஓட்ட முடியாது. ஃபிரிட்ஜின் உண்மையான அகலத்தை டேப் வைத்து அளந்து, பக்கத்துக்கு 2 அங்குலம் காற்றிடம் சேர்த்துக் குறியுங்கள். கதவு முழுசாகத் திறக்கச் சுவர் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

மேடையின் உயரத்தை முழங்கையை வைத்து முடிவு செய்யலாம். சமைப்பவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரத்துக்கு 4, 5 அங்குலம் கீழே வெட்டும் மேடை. 5 அடி 2 அங்குலம் உள்ளவருக்கு 34 அங்குலம் சரியாக வரும். கவனிக்காமல் விடுவது அடுப்புப் பகுதியை. மேடையில் வைக்கும் கேஸ் அடுப்பே சுமார் 4 அங்குலம் உயரும், அதன் மேல் இட்லிப் பானையோ பெரிய குக்கரோ ஏறினால் தோளைத் தூக்கிக்கொண்டுதான் கிளற வேண்டும். அடுப்பு வைக்கும் 3 அடி நீளத்தை மட்டும் 30 அங்குலத்துக்கு இறக்கிவிடுங்கள், அல்லது கல்லுக்குள் பதிக்கும் ஹாப் வாங்குங்கள். மேடை ஆழம் 24 அங்குலம். மேல் கப்போர்டு 12 அங்குல ஆழம் போதும். அதற்கு மேல் போனால் நெற்றி இடிக்கும். மேடையிலிருந்து 22 அங்குலம் விட்டு மேல் கப்போர்டைத் தொடங்கினால், 56 அங்குலத்திலிருந்து 84 அங்குலத்தில் இருக்கும் பரண் வரை 28 அங்குல உயரம் கிடைக்கும். அதில் இரண்டு தட்டு.

கிரைண்டருக்கு மேடையில் இடம் தேடாதீர்கள். இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரின் கல்லைத் தூக்கி மாவு வழிக்க 24 அங்குல உயரம்தான் வசதி. மேடையின் ஒரு முனையில் தாழ்வாக ஒரு கல் போட்டு, அங்கேயே பிளக் பாயிண்ட் கொடுத்துவிட்டால், தினம் தூக்கி இறக்கும் வேலை ஒழியும்.

சிங்க் 24க்கு 18 அங்குலம், ஆழம் 9 அல்லது 10. இரட்டைத் தொட்டி சிங்க் பார்க்க அழகு. ஆனால் நம் தோசைக்கல்லும் இட்லிப் பானையும் அதில் எந்தத் தொட்டியிலும் படுக்காது. பெரிய ஒற்றைத் தொட்டிதான் உதவும். குழாயின் வாய் சிங்க் அடியிலிருந்து 16 அங்குலமாவது உயரத்தில் இருந்தால்தான் குடத்தை நேராக வைத்துப் பிடிக்கலாம். கடையில் குழாய் வாங்கப் போகும்போது வீட்டுக் குடத்தின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள்.

பைப்பும் கழிவும்

ஜி.ஐ. பைப் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துரு படிந்து, அரை அங்குலத் துளை பென்சில் கனத்துக்குச் சுருங்கியிருக்கும். அதில் புதுக் குழாயை மாட்டினால் துருத்தூள் வந்து குழாய் முனை வலையை மாதா மாதம் அடைக்கும். மேல்தொட்டியிலிருந்து சமையலறை வரை முழுவதையும் மாற்றிவிடுங்கள். முக்கால் அங்குலத்தில் கொண்டுவந்து கடைசிக் கிளையை மட்டும் அரை அங்குலமாக்குங்கள். வெந்நீர் வரும் பாதை, சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பாக இருக்க வேண்டும். வெள்ளை யுபிவிசி வெந்நீருக்கு வளைந்துவிடும். பிளம்பர் மீதமிருந்த துண்டை நடுவில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கின் அடியில் எளிதாகக் கை எட்டும் இடத்தில் வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனி ஆங்கிள் வால்வு. பியூரிஃபையருக்கு இன்னொன்று.

சுவரைப் பூசும் முன் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். முள் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும், பிறகு தொட்டித் தண்ணீரை ஓர் இரவு விட்டு ஒவ்வோர் இணைப்பையும் காகிதத் துண்டால் தொட்டுப் பார்க்கலாம். அது முடிந்ததும் பூசாத சுவர் முழுவதையும், பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் காப்பாற்றும்.

சிங்கின் கழிவு பைப் 2 அங்குலம் இருக்கட்டும். வாட்டம் 4 அடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பழைய வீடுகளில் கழிவு நேராக வெளியே திறந்த சாக்கடைக்குப் போகும். வழியில் நீர் தேங்கும் ட்ராப் எதுவும் இருக்காது. கரப்பானும் நாற்றமும் வருவது அந்த வழியாகத்தான். சிங்கின் அடியில் பாட்டில் ட்ராப், வெளியே கல்லி ட்ராப் இரண்டும் வேண்டும். எலி வராமல் வெளிமுனைக்குக் கம்பி வலை.

வயரிங்

பழைய வயரை அப்படியே வைத்துக்கொண்டு பிளக் பாயிண்ட் மட்டும் கூட்டுவது தீக்கு வழி. பல வீடுகளில் அலுமினிய வயர் இருக்கும். அதைச் செம்பு வயரோடு முறுக்கிச் சேர்த்தால் அந்த இணைப்பு சூடாகிக் கருகும். எர்த் வயரே இல்லாத வீடுகளும் ஏராளம்.

கணக்கைப் பாருங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர். இரண்டும் ஒரே லைனில் ஓடினால் 15.2. அதே லைனில் மிக்ஸியையும் போட்டால் 16 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழ வாய்ப்பு உண்டு. எம்சிபி விழுகிறதே என்று எலக்ட்ரீஷியன் 32 ஆம்பியர் மாட்டிவிட்டால் அது விழாது, வயர் உருகும். ஆகவே சமையலறைக்கு மட்டும் மெயின் போர்டிலிருந்து தனித்தனியாக இத்தனை லைன் வர வேண்டும்:

– இண்டக்‌ஷன் அல்லது ஓவனுக்கு ஒரு லைன், 4 சதுர மி.மீ. வயர், 20 ஆம்பியர் எம்சிபி.
– கெட்டில், டோஸ்டர் போன்ற 16 ஆம்பியர் பாயிண்டுகளுக்கு ஒரு லைன், 2.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் எம்சிபி.
– மிக்ஸி, கிரைண்டர், பியூரிஃபையருக்கு ஒரு லைன், 2.5 சதுர மி.மீ.
– ஃபிரிட்ஜுக்குத் தனி லைன். வெளியூர் போகும்போது மற்றதையெல்லாம் அணைத்துவிட்டுப் போகலாம்.
– விளக்கு, எக்ஸாஸ்ட், சிம்னிக்கு 1.5 சதுர மி.மீ., 10 ஆம்பியர் எம்சிபி.

பிளக் பாயிண்டுகள் மேடைக்கு 8 முதல் 10 அங்குலம் மேலே இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே கூடாது. சிங்கிலிருந்து 2 அடியாவது தள்ளி வையுங்கள்.

வீடு முழுவதற்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டை நிறுத்தும் கருவி) கட்டாயம் வேண்டும். மாட்டிய அன்றே அது விழுந்துகொண்டே இருந்தால் கருவி பழுது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய வீடுகளில் இரண்டு லைன்களின் நியூட்ரலை ஒன்றாக முறுக்கியிருப்பார்கள். இன்வெர்ட்டரின் நியூட்ரலும் அதில் கலந்திருக்கும். அதைத் தேடிப் பிரிப்பது அரை நாள் வேலை. ‘இந்த வீட்டுக்கு ஒத்துவராது சார்’ என்று ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிட்டுப் போக விடக் கூடாது. எர்த் குழியையும் டெஸ்டர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வர வேண்டும். வராவிட்டால் புதுக் குழி. ஏ.சி.யும் இண்டக்‌ஷனும் கூடினால் பழைய இணைப்பின் அனுமதி லோடு போதாது. மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

சுவரில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டும்போது ஒரு விதியை மறக்கக் கூடாது. நெடுக்காகச் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டலாம். குறுக்கே ஆறில் ஒரு பங்குதான். நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒரு பங்கு என்றால் முக்கால் அங்குலம். அதில் ஓர் அங்குல பைப் போகாது. எனவே மெல்லிய சுவரில் குறுக்கே காடியே வேண்டாம். மேலிருந்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் நேராக இறக்குங்கள். காடியைப் பூசும்போது மேலே கோழிவலை அடித்துப் பூசாவிட்டால் பைப் போன பாதை முழுக்க மயிர்க்கோடு விரிசல் விழும்.

மேடைக் கல்

கருப்பு கிரானைட் நம் சமையலுக்கு இன்றும் நல்ல கல். மஞ்சள் கறை பிடிக்காது, சூடான பாத்திரத்தை வைக்கலாம். 18 முதல் 20 மி.மீ. கனம். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றி ‘ஜெட் பிளாக்’ என்று விற்பதும் உண்டு. வெள்ளைத் துணியில் தின்னரோ அசிட்டோனோ நனைத்து அழுத்தித் தேயுங்கள். துணியில் கருப்பு வந்தால் அது சாயக் கல், இரண்டு வருடத்தில் அடுப்பைச் சுற்றி வெளுக்கும்.

சிங்க்குக்குத் திறப்பு வெட்டும்போது உள்மூலைகள் கூர்மையாக இருக்கக் கூடாது, வளைவாக இருக்க வேண்டும். விரிசல் எப்போதும் கூர்மையான மூலையிலிருந்துதான் ஓடும். இரண்டு கல் சேரும் இடம் சிங்க் மேலோ அடுப்பு மேலோ வராமல் வெட்டச் சொல்லுங்கள். கல்லுக்குக் கீழே இரண்டரை, மூன்று அடிக்கு ஒரு தாங்கல். முன்விளிம்பு ஷட்டரைவிட ஓர் அங்குலம் வெளியே நீள வேண்டும். அந்த நீட்டலின் அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே மெஷினால் ஒரு கோடு கீறினால், வழியும் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும். கீறாவிட்டால் கல்லின் அடியிலேயே ஓடிப் பிளைவுட்டை நனைக்கும். ஐந்து நிமிட வேலை, யாரும் தாமாகச் செய்வதில்லை, கேட்டு வாங்க வேண்டும். மேடைக்குச் சிங்க் பக்கமாக இரண்டு நூல் வாட்டம் போதும்.

கப்போர்டு

பணம் குறைவு என்றால் பழைய கடப்பா தடுப்புகளை உடைக்கவே வேண்டாம். அவை ஈரத்துக்கும் கரையானுக்கும் அசையாதவை. முன்னால் அலுமினிய ஃபிரேம் அடித்து ஷட்டர் மட்டும் மாட்டினால் பாதிச் செலவில் முடியும். தடுப்புகளின் இடைவெளி ஒரே அளவாக இருக்காது என்பதால், ஒவ்வொன்றையும் மேலும் கீழும் தனித்தனியாக அளந்து ஷட்டர் செய்ய வேண்டும்.

புதிதாகச் செய்தால் கீழ்ப் பகுதிக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 710 முத்திரை உள்ள 18 மி.மீ. பிளைவுட். பார்ட்டிகிள் போர்டு சிங்க் பக்கத்தில் ஒரு வருடம்கூடத் தாங்காது, ஈரம் பட்டதும் ரொட்டி மாதிரி உப்பும். 710 தரம் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்குப் பிரியக் கூடாது. வாங்கும் பலகையில் ஒரு சிறு துண்டை வீட்டிலேயே சில மணி நேரம் கொதிக்க வைத்துப் பார்த்தால் போலி பிரிந்துவிடும். மேல் கப்போர்டுக்கு ஐ.எஸ். 303 போதும். வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும், கண்ணில் படாத பின்பக்க ஓரத்துக்கும் சேர்த்து, எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீர் நுழைவது அந்த வழியாகத்தான். தரையிலிருந்து 4 அங்குல பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தினால் அடியில் துடைக்கலாம். கடற்கரை ஊர்களில் கீல், திருகாணி, கூடை எல்லாம் துருப்பிடிக்காத 304 ஸ்டீல்.

கீழே கதவு வைத்த அலமாரியைவிட டிராயர் நல்லது, குனிந்து உள்ளே தேட வேண்டாம். அடுப்புக்குக் கீழே மேலிருந்து 4 அங்குலம், 8 அங்குலம், 12 அங்குலம் என மூன்று டிராயர் போட்டால் கரண்டி, தட்டு, பாத்திரம் மூன்றும் அடங்கும். சிங்கின் அடியில் மட்டும் அடிப்பலகை, டிராயர் எதுவும் வேண்டாம். கசிவு தெரிய வேண்டும்.

சிம்னியும் கேஸும்

சிம்னி அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரம். புகைக் குழாய் 6 அங்குல விட்டம், வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். குழாயைப் பரணுக்குள்ளோ குளியலறை டக்டுக்குள்ளோ விடுவது எண்ணெய்ப் பிசுக்கை வேறு இடத்துக்கு மாற்றுவது மட்டுமே. நேராக வெளியே போக வேண்டும். பழைய வீடுகளில் அடுப்பு ஜன்னலுக்குக் கீழே இருக்கும், அங்கே சிம்னி மாட்ட இடமில்லை. காற்றில் தீயும் அலையும். அடுப்பைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றி, ஜன்னலுக்குக் கீழே சிங்க்கைக் கொண்டுவருவதே சரி. துளையைக் கோர் கட்டிங் மெஷினால் போட வேண்டும், லின்டலையும் பீமையும் தொடாமல்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். சிலிண்டரை மூடிய கப்போர்டுக்குள் வைத்தால் கதவின் அடியில் காற்றுத் துளைகள் கட்டாயம். இடமிருந்தால் சிலிண்டரை வெளியே கூண்டில் வைத்து, கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக் மூலம் செம்புக் குழாய் கொண்டுவரலாம். ரப்பர் ஹோஸ் ஒன்றரை மீட்டருக்கு மேல் கூடாது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கப்போர்டுக்குப் பின்னால் மறைத்துவிடாமல் கண்ணில் படும்படி விடுங்கள்.

ஹால் தரை

மொசைக் தரை நன்றாக இருந்தால் அதன் மேல் டைல் போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வோம். பாலிஷ் போட்டால் இன்னும் முப்பது வருடம் வரும், கோடையில் காலுக்குக் குளுமை, செலவும் குறைவு. விரிசலையும் குழிகளையும் அதே நிற வெள்ளை சிமெண்டால் அடைத்து நான்கு நாள் ஈரம் காத்து, 60, 120, 320 எண் கற்களை வரிசையாக மெஷினில் ஓட்டி, கடைசியில் ஆக்ஸாலிக் அமிலத் தூள் போட்டுத் தேய்ப்பார்கள். வரும் சேற்றைக் குளியலறைக் குழியில் தள்ள விடாதீர்கள், பைப்புக்குள் கல்லாக இறுகும். வாளியில் அள்ளி வெளியேற்ற வேண்டும். ஈரச்சேறு தெறிக்கும் என்பதால் பெயின்ட்டுக்கு முன் இது முடிய வேண்டும்.

தரை பல இடத்தில் பொக்காக ஒலித்தாலோ தாழ்ந்திருந்தாலோ டைல்தான் வழி. பொக்கான இடங்களை மட்டும் பெயர்த்து அடைத்துவிட்டு, மற்ற இடத்தில் பழைய தரை மேலேயே ஒட்டலாம். மொசைக்கின் மெழுகுப் பளபளப்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். பழைய தரை மேல் ஒட்ட ஏற்றது என்று பையிலேயே போட்ட பசையை வாங்குங்கள். சிமெண்ட் பால் பிடிக்காது. 20 கிலோ பை சுமார் 45 முதல் 55 சதுர அடிக்கு வரும். டைலின் பின்பக்கமும் பசை தடவினால்தான் உள்ளே காற்று நிற்காது. டைலும் பசையும் சேர்ந்து ஐந்து நூல் உயரும், எனவே கதவுகளை ஆசாரி ஆறு நூல் அறுக்க வேண்டும். வாசல் நிலைப்படி, பூஜை அறைப் படி, மாடிப்படியின் முதல் படி மூன்றின் உயரமும் மாறும். டியூப் லெவல் வைத்து முதலிலேயே பாருங்கள்.

12க்கு 16 அடி ஹாலுக்குக் கணக்கு இது. 192 சதுர அடி. 2க்கு 2 அடி (சரியாக 60 செ.மீ.) டைல் நான்கு உள்ள பெட்டி 15.5 சதுர அடி. சேதாரம் 8 சதவீதம் சேர்த்தால் 14 பெட்டி, சுவரோரப் பட்டைக்கும் பிற்காலப் பழுதுக்கும் இரண்டு, மொத்தம் 16. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு வாங்கினால் நிறம் சேராது. சமையலறைத் தரைக்குச் சொரசொரப்பான டைலும் எபாக்ஸி கிரவுட்டும்.

ஹால் சுவரும் மேலும்

பழைய சுண்ணாம்பு இருக்கும் சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். மாவு ஒட்டினால் அதைச் சுரண்டி எடுக்காமல் பட்டி வைக்கக் கூடாது, பட்டியும் பெயின்ட்டும் சேர்ந்து தோலாக உரியும். பட்டி ஒரு பூச்சில் ஒன்றரை மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது. புதுப் பூச்சு மூன்று, நான்கு வாரம் காய்ந்த பிறகே பெயின்ட்.

தளம் பத்தடி உயரத்துக்குக் குறைவாக இருந்தால் ஹால் முழுவதும் ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், சுவரோரம் 2 அடிப் பட்டையாக மட்டும் போடலாம். ஃபேன் பழைய தளக் கொக்கியில்தான் தொங்க வேண்டும், கொக்கி துருப்பிடித்து இளைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். டிவி சுவரில் நான்கு பாயிண்ட், அவற்றிலிருந்து கீழ் மேஜை வரை கேபிள் போக 2 அங்குல வெற்று பைப் ஒன்று. இதை மறந்தால் வயர் வெளியே தொங்கும்.

வேலை வரிசையும் பணமும்

உடைப்பும் தளப் பழுதும் ஒரு வாரம், பைப்பும் வயரிங்கும் பத்து நாள், பூச்சும் அதற்குத் தண்ணீர் விட்டு ஈரம் காப்பதும் பத்து நாள், டைலும் கல்லும் பத்து நாள், தச்சு வேலை இரண்டு, மூன்று வாரம், பெயின்ட் பத்து நாள். ஓதம் காயும் நாட்கள் தனி. பெயின்ட்டின் கடைசிக் கோட் மட்டும் தச்சு வேலைக்குப் பிறகு. இத்தனை நாளும் சமைக்க, பின்கட்டிலோ பால்கனியிலோ ஒரு மேஜை, ஓர் அடுப்பு, ஒரு குழாய் முதல் நாளே ஏற்பாடாகட்டும்.

கூலியை வேலை முடிந்த கட்டத்துக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். பத்து சதவீதத்தை ஒரு மாதம் நிறுத்தி வைப்போம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு அடியில் கை வைத்துப் பாருங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். டைலை ஒவ்வொன்றாக நாணயத்தால் தட்டுங்கள், பொக்காக ஒலிப்பதைக் கலர் பென்சிலால் குறித்து மாற்றித்தரச் சொல்லுங்கள். எல்லாம் சரியான பிறகு மீதிப் பத்து சதவீதத்தைக் கொடுக்கலாம்.